கொல்சோன் வீட்டுப் பக்கம்

சத்தம் தப்பான சுவரிலிருந்து வந்தது.

அர்மெல் அப்போதுதான் சமையலறை ஜன்னலின் மரக்கதவுகளை இழுத்துச் சாத்தி, குறுக்கே போடும் இரும்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஈரமான கைகளைப் பாவாடையில் துடைத்தபடி அடுப்பருகே வந்திருந்தாள். உருளைக்கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே ஜனவரி மழை. மழைக்கு அடியில், எப்போதும்போல, மேஸ் ஆற்றின் இரைச்சல். டொக், டொக் என்று இரண்டு தட்டு கேட்டது. அவள் கை யோசிக்கவில்லை. அடுப்புக் கிளறும் கம்பியை எடுத்து, சத்தம் வந்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கரண்டியைத் தேடிப் போனாள். சூப்பை ஊற்றி, ரொட்டியைப் பிய்த்து, முதல் வாய் வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெர்துலேயின் வீடு இடது பக்கம். சத்தம் வந்தது வலது பக்கம். வலது பக்கத்தில் வீடே கிடையாது.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். மஞ்சள் சுண்ணாம்பு, ஒரு நாட்காட்டி, கணவன் திதியே மாட்டிய வெங்காயச் சரம். வேறொன்றும் இல்லை.

ரெவிமோன் ஆற்றங்கரைத் தெருவில் பிறந்தவர்களுக்கும் வாக்கப்பட்டு வந்தவர்களுக்கும் இந்தத் தட்டு மூச்சு விடுவது மாதிரி. பொழுது சாய்ந்து ஜன்னல் சாத்தியதும் பாலத்தடி முதல் வீட்டுக்காரர் அடுத்த வீட்டுச் சுவரில் இரண்டு தட்டுவார். நாங்கள் இருக்கிறோம், நீங்கள் இருக்கிறீர்களா என்று அர்த்தம். அடுத்த வீடு இரண்டு தட்டிப் பதில் சொல்லிவிட்டு மறுபக்கச் சுவரில் தட்டும். இப்படியே கைமாறி, தெருவின் கடைசி வீடான அர்மெலின் சமையலறையில் வந்து முடியும். குண்டு விழுந்த காலத்தில் நிலவறைகளுக்குள் பதுங்கிக் கிடந்தவர்கள் கண்டுபிடித்த பழக்கம். அது தொள்ளாயிரத்துப் பதினாலாம் வருஷத்துப் போரிலா, நாற்பதாம் வருஷத்துப் போரிலா என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு. ரெவிமோனில் எதற்கும் இரண்டு கட்சி உண்டு; போரும் இரண்டு வந்தது வசதியாகப் போயிற்று.

எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஊர் அது. மூன்று தடவை தகர்ந்த பாலத்தை இன்னமும் புதுப்பாலம் என்றே சொல்வார்கள். தேவாலயச் சுவரில் குண்டு துளைத்த பொந்துகளில் புறா முட்டையிடும். தோட்டம் கொத்தும்போது துருப்பிடித்த பழைய வெடிகுண்டு அகப்பட்டால், அதை வேலிக்கதவு ஓரம் சாய்த்து வைத்துவிட்டு, ராணுவ வண்டி வந்து எடுத்துப் போகும்வரை அதைச் சுற்றிக் கோழிகளை மேய விடுவார்கள். ஆனால் மாலைத் தட்டுக்குப் பதில் தராதவனை மட்டும் அந்தத் தெரு மனுஷனாக மதிக்காது.

இப்போது மதிப்பதற்கும் ஆள் இல்லை. பாதி வீடுகளைப் பிரஸ்ஸல்ஸ்காரர்கள் வாங்கிவிட்டார்கள். கோடையில் வந்து மீன் பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் பெர்துலே மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். இலையுதிர்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு, மேட்டிலுள்ள முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். திதியே அதற்கு முந்தின வசந்தத்திலேயே, தக்காளி நாற்று நடும்போது மண்ணில் சாய்ந்தவன், எழுந்திருக்கவேயில்லை. பெர்துலேயும் போனபின் அர்மெலுக்கு மாலை என்றால் பயம். பேய் பிசாசுப் பயமில்லை. ஜன்னலைச் சாத்திய பிறகு யாரும் எதுவும் கேட்காத அந்த அமைதிதான் பயம்.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆறு ஏறினால் எலிகள் மேலே வரும். சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் மாலை, பட்டையைக் கொக்கியில் மாட்டிய அதே கணத்தில், டொக், டொக்.

இந்தத் தடவை அவள் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்தச் சுவருக்கு அப்பால் கொல்சோன் வீட்டு மனை. நாற்பதாம் வருஷம் மே மாதத்தில் குண்டு விழுந்து தரைமட்டமான வீடு. கற்களை அள்ளிக் குழியை மூடியதோடு சரி. யாரும் அங்கே திரும்பக் கட்டவில்லை, நகராட்சி விற்கவுமில்லை. காஞ்சொறிச் செடியும் முள்ளும் மண்டிக் கிடக்கும். தன் வீட்டுப் புல்லை வாரம் தவறாமல் வெட்டுகிற திதியே, அந்தப் பக்கம் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. அங்கிருந்து தட்ட யாரும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தும் தட்டினாள். நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும்: அவளுக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து ரொட்டிக்கடைக்காரியிடம் ஒரு வார்த்தை பேசியதைத் தவிர அவள் வாய் திறக்கவில்லை. இங்கே ஒருவர், யாராக இருந்தாலும், நீ இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறேன் என்று சொல்ல இரண்டே தட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் சவீன் நாந்த் நகரிலிருந்து ஃபோனில் கூப்பிட்டாள்.

"அம்மா, டிவில ஆத்தக் காட்டினாங்க. உங்க பக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"கரைச்சுவருக்குக் கீழதான் ஓடுது. தொண்ணூத்தி மூணுல வராத வெள்ளமா."

"அப்ப அப்பா இருந்தாரு. இப்ப நீ மட்டும் அந்த வீட்டக் கட்டிக் காத்துட்டு என்ன பண்ணப் போற? இங்க அறை காலியா கிடக்கு. சின்னவன் பாட்டி எப்ப வருவான்னு தினம் கேக்கறான்."

"பாக்கலாம்."

"எப்பவும் பாக்கலாம்தான். ராத்திரி தனியா இருக்க பயமா இல்லையா உனக்கு?"

"தனியா எங்க," என்று ஆரம்பித்து அர்மெல் நிறுத்திக்கொண்டாள். "பழகிடுச்சு, சவீன்."

ஃபோனை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது. அறையில் ஈர வாடை அடித்தது. ஈரம் மட்டுமில்லை, அணைத்த மெழுகுவர்த்தியின் வாடையும். வீட்டில் மெழுகுவர்த்தி எதுவும் எரியவில்லை.

அடுத்த சில நாட்களில் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் ஒரே இடத்திலிருந்து வந்தது. பிறகு, இரண்டு தட்டும் இரண்டு இடத்திலிருந்து, அருகருகே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொன்றாகத் தட்டுவது போல வந்தது. அர்மெல் அதற்குப் பழகினாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். சூப்பு உப்பாகிவிட்டது என்றோ, திதியே இருந்திருந்தால் கூரையைப் பார்த்திருப்பான் என்றோ சுவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்வரை சுவர் காத்திருந்து, பிறகு தட்டியது. அவளை யாரும் இத்தனை பொறுமையாகக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

வியாழக்கிழமை மாலை ஜன்னலைச் சாத்தினாள். டொக், டொக். பதில் தட்டினாள். கம்பியை மாட்டப் போனாள்.

டொக்.

மூன்றாவது, தரைக்குப் பக்கத்திலிருந்து, முழங்கால் உயரத்துக்கும் கீழேயிருந்து வந்தது. மற்ற இரண்டைவிட மெலிவாக. அர்மெலின் கையில் கம்பி நின்றது. அந்தத் தெருவில் அவள் வாழ்ந்த முப்பது வருஷத்தில் மூன்று தட்டு கேட்டதேயில்லை. அதற்கு என்ன பதில் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை தொப்பியை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள்.

முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு அறையில் பெர்துலே ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சுருக்கமாகச் சிரித்தார்.

"வாம்மா கடைசி வீடு. இப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சேனா? உன் சூப்பக் கொஞ்சம் பாட்டில்ல ஊத்திட்டு வந்திருக்கக் கூடாதா? இங்க ஊத்தற சூப்புல காய் இருக்கான்னு பாக்கறதுக்கு முக்குளிக்கணும்."

"அடுத்த தடவை கொண்டு வர்றேன், முசியே. ஒண்ணு கேக்கணும். நம்ம தெருவுல மூணு தட்டு தட்டினா என்ன?"

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்று, கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது. "யாரு தட்டினா? பிரஸ்ஸல்ஸ்காரங்க வந்திருக்காங்களா?"

"அந்தப் பக்கம் இல்ல. கொல்சோன் வீட்டுப் பக்கம்."

அவர் கையிலிருந்த கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தார்.

"நீ பதில் தட்டினியா?"

"கை தானாப் போயிடுச்சு."

"எத்தன தடவ?"

அர்மெல் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவினாள். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். ஆற்றின் பக்கம் திரும்பினார். மேட்டிலிருந்து பார்த்தால் பாலத்தின் வளைவுகள் பாதிதான் தெரிந்தன. தண்ணீர் மண் நிறத்தில், மரங்களை அடித்துக்கொண்டு போயிற்று.

"உன் புருஷன் ஒண்ணுமே சொல்லலையா? சாயங்காலமானா ரேடியோவ அந்த அலறு அலற விடுவானே, எதுக்குன்னு நினைச்ச?"

"பாட்டுன்னா அவருக்கு உசுரு."

"திதியேவுக்கா? ஒரு பாட்டாவது முழுசாப் பாடி நீ கேட்டிருக்கியா?" பெர்துலே தலையை ஆட்டினார். "அவன் அம்மா லெயோந்தின், அவ காலத்துல சாயங்காலமானா காப்பிக்கொட்டை அரைப்பா. ஒரு பட்டாளத்துக்குக் காணும். அந்த வீட்டுல யாரு அவ்வளவு காப்பி குடிச்சா? மூணுன்னா, திறன்னு அர்த்தம். நிலவறைச் சுவருல ஒரு ஆள் நுழையற இடத்த இடிச்சு, சாந்து பூசாம செங்கல்ல மட்டும் அடுக்கி வெச்சிருந்தோம். ஒரு வீடு விழுந்தா, அடுத்த வீட்டு வழியா வெளிய வர. எல்லா வீட்டுக்கும் அப்படித்தான், பாலம் வரைக்கும்."

"சரி."

"கொல்சோன் வீடு விழுந்தது. உள்ள அஞ்சு பேரு. மூணு தட்டினாங்க. திறந்திருக்கலாம். ஆனா அதே குண்டு கரைச்சுவரையும் ஒடைச்சிருச்சு, ஆறு அவங்க நிலவறைக்குள்ள எறங்கிட்டு இருந்தது. இந்தப் பக்கச் செங்கல்ல எடுத்தா, தண்ணி வரிசையா அத்தன வீட்டுக்கும் வரும். தெருவே கீழதான் கிடந்தோம், புள்ளகுட்டியோட. எங்க அப்பா, பாதிரியாரு, எல்லாரும் வேணாம்னாங்க. லெயோந்தின் மட்டும் திதியேவ மடில போட்டுட்டு அந்தச் சுவருகிட்டயே உக்காந்து தட்டினா. அவங்க மூணு தட்டுவாங்க. இவ ரெண்டு தட்டுவா. நாங்க இருக்கோம். நாங்க இருக்கோம். தனியா விட்டுடலன்னு தெரியட்டும்னு தட்டினா. அவங்க அத எப்படி எடுத்துப்பாங்க சொல்லு? வர்றாங்கன்னுதான எடுத்துப்பாங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம். கீழ இருந்து வந்த தட்டுதான் கடைசியா நின்னது." அவர் தன் உள்ளங்கையை நாற்காலியின் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கொஞ்சமே உயரத்தில் பிடித்துக் காட்டினார். "வீட்டுக்குப் போ. பெட்டியக் கட்டு. உன் பொண்ணுகிட்டப் போயிடு. அதுவரைக்கும் ரேடியோவப் போடு. கம்பியத் தொடாத."

இறங்கி வரும்போது தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டிருந்தது. கரைச்சுவரின் மேல் சின்ன அலையாக வழிந்து, கல் பாவிய தெருவில் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் தீயணைப்புப் படை பஸ்தியன், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு நின்றான். சவீனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"மதாம், கரண்ட்ட நிறுத்திட்டோம். இருட்டறதுக்குள்ள படகு எடுத்துட்டு வர்றேன். இந்தத் தடவையும் வரமாட்டேன்னு சொன்னீங்கன்னா தூக்கித் தோள்ல போட்டுட்டுப் போயிடுவேன், பாத்துக்குங்க."

"வர்றேன் பஸ்தியன். நிஜமாவே வர்றேன்."

அவன் ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்துவிட்டு, பாலத்துப் பக்கம் நடந்தான். ஃபோன் இன்னும் வேலை செய்தது. சவீனைக் கூப்பிட்டு, நாளைக் காலை ரயிலில் வருகிறேன், அந்த அறையைத் தயார் பண்ணு என்றாள். மறுமுனையில் மகள் அழுதபடி சிரித்தாள். "நிஜமாவாம்மா? மாத்திப் பேசமாட்டியே?" இத்தனை மாதம் எந்தப் பிடிவாதத்துக்காக இந்தக் குரலை விட்டு விலகி இருந்தோம் என்று அர்மெலுக்குத் தன் மீதே கோபம் வந்தது.

பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்தாள். மேல்சட்டையை மாட்டினாள். திதியேவின் பேட்டரி ரேடியோவை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். வெளிச்சம் சாம்பல் நிறமாக, பிறகு பழுப்பாக, பிறகு இல்லாமலே போயிற்று. படகு இன்னும் வரவில்லை. ஜன்னலைச் சாத்தாமல் இருந்தால் என்ன என்று நினைத்தாள். அக்கரை விளக்கொளியில் தண்ணீரின் பளபளப்பு கூரையில் நெளிந்தது. அது பொறுக்காமல் சாத்தினாள். பட்டையை மாட்டினாள்.

டொக். டொக். டொக்.

ரேடியோவைத் திருகினாள். ஏதோ அக்கார்டியன் பாட்டு. முழுச் சத்தமும் வைத்தாள். சமையலறை முழுக்கப் பாட்டு நிரம்பியது, குவளைகள் அதிர்ந்தன, அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திதியே இப்படித்தான் நின்றிருப்பான், முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு, வருஷக்கணக்காக, ஒரு வார்த்தை சொல்லாமல், என்று நினைத்தாள். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன் ஒரு சின்ன இடைவெளி.

டொக்.

கீழேயிருந்து. அந்த ஒன்று மட்டும்.

அடுத்த பாட்டு தொடங்கியது. அவள் சத்தத்தைக் குறைத்தாள். ஏன் குறைத்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. டொக். பெரியவர்கள் தட்டுவது நின்றுவிட்டிருந்தது. அது மட்டும் தட்டியது. சோர்ந்துபோன, ஆனால் நம்பிக்கை விடாத தட்டு. பதில் வந்த வீடாயிற்றே, திறக்காமலா போவார்கள் என்கிற தட்டு. சவீன் சின்ன வயதில் கெட்ட கனவு கண்டால், எழுந்து வராமல் இப்படித்தான் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள்.

அர்மெல் ரேடியோவை அணைத்தாள்.

ஐம்பத்தைந்து வருஷம். லெயோந்தின் தட்டினாள், திதியே காதைப் பொத்திக்கொண்டான், நான் கதை பேசினேன். யாரும் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை திறந்துவிட்டால் முடிந்துபோகும். திறந்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். அந்த மனையில் இப்போது வெறும் மண்ணும் கல்லும்தான். திறந்தால் மண்ணைத்தான் பார்ப்போம். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

டார்ச் விளக்கையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அடுப்பருகே இருந்த நிலவறைக் கதவைத் திறந்தாள்.

நிலவறை காய்ந்திருந்தது. அதுவே தப்பு. வெளியே தெருவில் தண்ணீர் நிற்கிறது. இங்கே தரையில் ஒரு சொட்டு இல்லை. கரி, அழுகத் தொடங்கிய ஆப்பிள், பீன்ஸ் ஜாடிகள். மெழுகுவர்த்தி வாடை இங்கே கனமாக இருந்தது. ஜாடி அலமாரியை இழுத்தாள். அதன் பின்னால் திதியே பூசிய சாந்து, மற்ற இடத்தைவிடப் புதிது. சுத்தியலால் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் உதிர்ந்தது. உள்ளே செங்கற்கள், சாந்தில்லாமல், ஒன்றன் மேல் ஒன்றாக. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சுலபமாக வந்தது. பாதிக் கல்தான் இருந்தது. மறுபக்கம் தேய்ந்து, குழிந்து, வழவழவென்று இருந்தது.

தண்ணீர் வரவில்லை. மண்ணும் இல்லை.

இன்னொன்று. இன்னொன்று. ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஆயிற்று. விளக்கை நீட்டினாள்.

சுவரோரமாக ஒரு பெஞ்சு. அதில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஈர உடை. கைகள் மடியில். அந்தக் கைகளில் விரல் முட்டிகள் இல்லை. வெள்ளையாக ஏதோ இருந்தது. அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, அவள் பின்னாலிருந்த படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்தார்கள்.

அவளால் நகர முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் துவாரத்தில் குனிந்து வந்தார்கள். அவசரமில்லை. ஈரத் தோள் ஒன்று அவள் தோளில் உரசியது. ஆற்றுச் சேற்றின் குளிர். ஒரு கிழவர். ஒரு வாலிபன். ஒருத்தி. இன்னொருத்தி, அர்மெலின் வயது, அர்மெலின் உயரம். கடக்கும்போது அவள் மட்டும் நின்று, அர்மெலின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பாடம் படிப்பது போலப் பார்த்தாள். பிறகு போனாள்.

டொக்.

அது உள்ளே இருந்தது. பெஞ்சுக்கு அடியில். விளக்கு வெளிச்சத்தில் ஒரு சின்னக் கம்பளிக் கோட்டின் முதுகு தெரிந்தது. முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"வா," என்றாள் அர்மெல். குரல் எழும்பவில்லை. "வாடா கண்ணு. திறந்தாச்சு. வா."

அது திரும்பவில்லை. அவள் துவாரத்துக்குள் குனிந்தாள். ஒரு காலை வைத்தாள். மறு காலையும் வைத்தாள். பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுக் கோட்டைப் பிடித்துத் தூக்கினாள். கனமாக இருந்தது. நெஞ்சோடு அணைத்தாள். தண்ணீர் சொட்டியது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் கோட்டு.

பின்னால் கல்லோடு கல் உரசும் சத்தம்.

திரும்பினாள். துவாரம் பாதி அடைபட்டிருந்தது. மறுபக்கத்திலிருந்து ஒரு கை, தேய்ந்த கை, செங்கல்லைப் பதவிசாக வைத்துத் தள்ளியது. அடுத்தது. அவள் பாய்ந்தாள். தோளால் இடித்தாள். கல் அசையவில்லை. கடைசிக் கல். மிஞ்சியிருந்த திறப்பு ஒரு கோடாக மெலிந்து, இல்லாமல் போனது. விளக்கு அணைந்தது.

பாதத்தில் குளிர். தண்ணீர்.

அவள் கத்தினாள். மேலே காலடிகள் படியேறின. சமையலறைத் தரையில் நடந்தன. நாற்காலி நகர்ந்தது. அவள் முஷ்டியால் அடித்தாள். பிறகு, கத்துவது கேட்காது, தட்டுவதுதான் கேட்கும் என்று புத்திக்கு எட்டியது. மூன்று தட்டினாள். திற. மூன்று தட்டினாள்.

காலடிகள் நின்றன. ஒன்று மட்டும் படியிறங்கி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ உட்காரும் சத்தம்.

டொக், டொக்.

நாங்க இருக்கோம்.

மூன்று தட்டினாள். இரண்டு வந்தது. மூன்று. இரண்டு. இதமாக, ஆறுதலாக. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிறகு அந்தக் காலடியும் எழுந்து மேலே போயிற்று.

ரேடியோ பாடத் தொடங்கியது. அக்கார்டியன்.

அதற்கு மேலே, தூரத்தில், படகின் மோட்டார். வாசலில் பஸ்தியனின் குரல். "மதாம்? ரெடியா?"

"ரெடி பஸ்தியன்," என்றது மேலேயிருந்து அர்மெலின் அதே குரல். "வந்துட்டேன்."

"பெட்டி இவ்வளவுதானா? கையக் குடுங்க. ஐயோ, கை என்ன இப்படி ஜில்லுனு இருக்கு. சவீன் காலையில ஸ்டேஷனுக்கு வந்துடுவாளாமே."

"வந்துடுவா. அறையெல்லாம் தயார் பண்ணி வெச்சிருக்கா. சின்னவன் வேற காத்திட்டிருக்கான்."

"ரேடியோ பாடுது மதாம்."

"பாடட்டும்."

கதவு சாத்தப்பட்டது. மோட்டார் சத்தம் பாலத்துப் பக்கம் தேய்ந்து மறைந்தது. பாட்டு மட்டும் உரக்க இருந்தது. அர்மெல் தட்டினாள். மூன்று. மூன்று. விரல் முட்டி கிழிந்தது. மூன்று. தண்ணீர் இடுப்பில். அவள் கையிலிருந்து கோட்டு எப்போது நழுவியது என்று தெரியவில்லை.

கீழே, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில், ஒரு சின்னக் கை அவளோடு சேர்ந்து தட்ட ஆரம்பித்தது.